பருத்திப்பால் பொட்டலத்தில் அந்த ஒரு வரி

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தபடியே பருத்திப்பால் பொடி தயாரித்து விற்கிறேன். மூன்று ஆண்டுகளாகத் தெரிந்தவர்களுக்கும் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் கொடுத்துவருகிறேன். இப்போது சென்னையில் இயற்கைப் பொருள்கள் விற்கும் கடைக்காரர் ஒருவர் மாதம் நூறு பொட்டலம் கேட்கிறார். முன்பக்கத்தில் 'மரபணு மாற்றம் செய்யப்படாதது' என்று அச்சடித்துத் தர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. பின்னால் ஜெர்மனிக்கும் அனுப்பலாம் என்கிறார். "இந்தியாவில் மரபணு மாற்றிய உணவுக்கு அனுமதியே கிடையாது, தைரியமாகப் போடுங்கள்" என்கிறார். வேளாண் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகனோ, "அத்தை, நம் ஊர்ப் பருத்தியே பி.டி. பருத்திதான்" என்று சிரிக்கிறான். யார் சொல்வது சரி? கொட்டையை மாட்டுத் தீவனக் கடையில்தான் வாங்குகிறேன். இத்தனை காலம் என் பிள்ளைகளுக்குக் கொடுத்தது கெடுதலா? போன வருடம் அரசு அறிவித்த புது நெல் ரகங்களும் இதே வகைதானா? பொடியில் பச்சரிசியும் சேர்க்கிறேன்.
— வாசகி, மதுரை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்த வரியை அச்சடிக்காதீர்கள். அச்சகத்தில் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே போன் செய்து நிறுத்துங்கள். பிள்ளைகளைப் பற்றிய கவலையை முதலிலேயே இறக்கிவைத்துவிடுகிறேன்: காய்ப்புழுவைக் கொல்வதற்காகப் பருத்தியில் சேர்த்த பி.டி. மரபணுவால் அவர்களுக்குக் கெடுதல் வந்திருக்க வழியில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பருத்திக்கொட்டையில் நீங்கள் கவனிக்க வேண்டிய பொருள் வேறொன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கடைக்காரரும் கேட்கவில்லை, அண்ணன் மகனும் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் இருவர் சொன்னதும் சரிதான்.

முதலில் கடைக்காரரின் பேச்சை எடுத்துக்கொள்வோம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒழுங்குமுறை விதிகள் அனுமதித்தாலொழிய மரபணு மாற்றிய உணவை யாரும் தயாரிக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது அது. அந்த விதிகள் எங்கே? உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. இதை எழுதும் வரை அது வரைவாகவே கிடக்கிறது. ஆக, காகிதத்தில் பார்த்தால் நம் கடைகளில் மரபணு மாற்றிய உணவே இருக்க முடியாது. பி.டி. கத்தரிக்காய்க்கு என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கலாம். 2009 அக்டோபரில் நிபுணர் குழு பச்சைக்கொடி காட்டியது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்துவிட்டார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பங்கிருந்த ஆராய்ச்சி அது. வங்கதேசம் 2013-ல் அனுமதி கொடுத்து மறு ஆண்டே உழவர்கள் கையில் நாற்றைக் கொடுத்தது. இங்கே நிறுத்திவைத்தது நிறுத்திவைத்தபடியே இருக்கிறது.

கத்தரிக்காயை வாயில் போடுகிறோம், அதனால் அத்தனை ஆர்ப்பாட்டம். பருத்தியை உடுத்துகிறோம், அதனால் அது சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டது. 2002 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழுள்ள மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு மூன்று பி.டி. பருத்தி வீரிய ஒட்டு ரகங்களுக்கு அனுமதி கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே குஜராத்தில் அனுமதியில்லாத பி.டி. பருத்தி வயலில் நின்று கண்டுபிடிக்கப்பட்டது தனிக் கதை. இன்று இந்தியப் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் பி.டி.தான். உங்கள் அண்ணன் மகன் சிரித்ததில் தவறில்லை.

ஆனால் பருத்திச் செடி தருவது பஞ்சை மட்டுமா? நூறு கிலோ பருத்தியை அரைத்தால் பஞ்சு முப்பத்தைந்து கிலோவுக்கு முன்பின்னாகத்தான் நிற்கும்; மீதியில் பெரும்பங்கு கொட்டை. அந்தக் கொட்டை எண்ணெய்ச் செக்குக்குப் போகிறது, சுத்திகரித்து நொறுக்குத்தீனி பொரிக்கும் சட்டிக்குப் போகிறது, பிண்ணாக்காகி மாட்டுக்குப் போகிறது. மதுரையில் மட்டும் சுக்கும் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்ந்து டம்ளருக்கு வந்துவிடுகிறது. 2002-க்கு முன்னால் பி.டி. பருத்திக்கொட்டையைப் பசு, எருமை, ஆடு, கோழி, மீன் என்று தீனியாகக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு ஊரே அதை அரைத்துப் பிழிந்து மாலை நேரத்தில் தள்ளுவண்டியில் நின்று குடிக்கிறது என்பது தில்லியில் அந்தக் கோப்பைப் பார்த்தவர்களில் யாருக்காவது தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. உங்கள் அடுப்பில் உணவாக இருப்பது அவர்கள் கோப்பில் நூலிழை.

இன்னொரு முடிச்சையும் சொல்லிவிடுகிறேன். 22-ஆம் பிரிவின் விளக்கத்தை முழுதாகப் படித்தால், மரபணு மாற்றிய உயிரியைக் கொண்டிருக்கும் உணவு மட்டுமல்ல, அதிலிருந்து தயாரித்த உணவும் இந்த வகையில் வரும். அதாவது மரபணுவின் தடயமே மிஞ்சாத சுத்திகரித்த எண்ணெயும் சேர்த்தி. வரிக்கு வரி பிடித்தால் நாட்டின் பருத்தியெண்ணெய் ஆலைகளும் உங்கள் ஊர்த் தள்ளுவண்டிகளும் கூண்டில் ஏற வேண்டும். அந்தப் பிரிவைக் காட்டி யாரும் ஒரு தள்ளுவண்டியை நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நிறுத்தவும் கூடாது. ஆனால் சட்டத்தை இப்படி எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதற்குப் பெயர் கொள்கை ஆகாது.

அடையாளச்சீட்டு விஷயத்திலும் இதே நிலைதான். 2013 ஜனவரி முதல் மரபணு மாற்றிய உணவுப் பொட்டலத்தின் தலைப்பில் 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும் என்று எடையளவுச் சட்டத்தின் கீழ் ஒரு விதி வந்தது. இத்தனை வருடமாக மளிகைக் கடைகளில் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதே என் பிழைப்பு. அந்த இரண்டெழுத்தை உள்ளூர்ப் பொட்டலம் ஒன்றிலும் நான் கண்டதில்லை. 2018-ல் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் வாங்கிய 65 உணவுப் பொருள்களைச் சோதித்தபோது 21-ல் மரபணு மாற்றத்தின் தடயம் இருந்தது. அதில் பருத்தியெண்ணெயும் உண்டு. 2021-ல் ஆணையம் அரிசி, கோதுமை, மக்காச்சோளம், ஆப்பிள், உருளைக்கிழங்கு உட்பட 24 இறக்குமதிப் பயிர்களுக்கு 'மரபணு மாற்றம் இல்லை' என்ற சான்றைக் கட்டாயமாக்கியது. தற்செயல் கலப்புக்கு 1 சதவீதம் வரை விட்டுக்கொடுத்தது. துறைமுகத்தில் காட்டும் கெடுபிடி அது. அதே ஆண்டு ஆகஸ்டில் கோழித் தீவனத்துக்காக 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் பிண்ணாக்கை இறக்குமதி செய்ய அரசே வழிவிட்டது. கோழி தின்றால் தீவனம், நாம் தின்றால் உணவு.

மரபணு மாற்றிய கடுகு பற்றிய வழக்கில் 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.வி. நாகரத்னாவும் சஞ்சய் கரோலும் இரண்டுவிதமாகத் தீர்ப்பளித்தார்கள். டி.எம்.எச்.-11 என்ற அந்தக் கடுகுக்கு அனுமதி செல்லுமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஒன்றில் இருவரும் ஒத்துப்போனார்கள்: மரபணு மாற்றுப் பயிர்களுக்கு ஒரு தேசியக் கொள்கை வேண்டும், அதற்கான கலந்தாய்வை நான்கு மாதத்துக்குள் நடத்தப் பாருங்கள் என்றார்கள். இறக்குமதியாகும் மரபணு மாற்றிய சமையல் எண்ணெய்க்கு அடையாளச்சீட்டு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். என்னைக் கேட்டால், பருத்திக்கொட்டையை உணவு என்று ஒப்புக்கொள்ளாத எந்தக் கொள்கையும் அரைகுறைதான். சோதித்து அனுமதி கொடுங்கள், பொட்டலத்தில் எழுதச் சொல்லுங்கள், வாங்குவதும் விடுவதும் வாங்குபவர் பாடு. நான் மரபணு மாற்றத்துக்கு எதிரி இல்லை. மறைத்து விற்பது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் பொட்டலத்துக்கு வருகிறேன். 'மரபணு மாற்றம் செய்யப்படாதது' என்று நீங்கள் போட்டு, அது அப்படி இல்லை என்று தெரியவந்தால், அதே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி பொய்யான விவரத்துடன் உணவு விற்றதாக 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். திசைதிருப்பும் விளம்பரம் என்று 53-ஆம் பிரிவில் கொண்டுபோனால் 10 லட்சம் வரை. சட்டத்தின் பார்வையில் பொட்டலத்து எழுத்தும் விளம்பரம்தான். இதைக் கட்டப்போவது சென்னைக் கடைக்காரர் அல்ல. தயாரிப்பாளர் என்று பெயர் போட்டிருக்கும் நீங்கள். 'அனுமதியே இல்லாததால் எல்லாமே மாற்றம் இல்லாததுதான்' என்ற வாதம் அங்கே நிற்காது. மாட்டுத் தீவனக் கடை மூட்டையை எடுத்துச் சோதித்தால் பி.டி. தெரியாமல் போவதுதான் அதிசயம்.

பிள்ளைகளுக்கு ஏன் கெடுதல் இல்லை என்றேன்? பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் பெயர்ச்சுருக்கம். அதன் மரபணு ஒன்று செடிக்குள் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. காய்ப்புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது. அந்தப் புரதம் அங்கே கரைந்து, குடற்சுவரில் உள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு ஓட்டை போடுகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்த ஏற்பிகளும் நமக்குக் கிடையாது. போதாக்குறைக்கு நீங்கள் பாலை அரைமணி நேரம் கொதிக்க வைக்கிறீர்கள். முட்டை வெந்தால் திரும்பப் பச்சையாகாது அல்லவா, அதுபோல அந்தப் புரதம் உருக்குலைந்துபோகும். உங்கள் கடைக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள்: இயற்கை விவசாயிகள் புழுவுக்குத் தெளிக்கும் பி.டி. கரைசலும் இதே பாக்டீரியாதான், அதற்கு இயற்கைச் சான்றிதழ் விதிகளிலேயே இடமுண்டு.

இனி அந்த வேறொரு பொருள். ஊறவைத்த பருத்திக்கொட்டை ஒன்றைப் பிளேடால் இரண்டாக வெட்டிப் பாருங்கள். பருப்பில் மிளகைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தெரியும். அவை காசிப்பால் என்ற நஞ்சைச் சேர்த்துவைத்திருக்கும் சுரப்பிகள். பெயரில் பால் இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். பூச்சி தின்னாமல் இருக்கப் பருத்தி தானே செய்துகொண்ட ஏற்பாடு அது. நாட்டுப் பருத்தியிலும் உண்டு, பி.டி.யிலும் உண்டு. சீனாவில் சுத்திகரிக்காத பருத்தியெண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்திய ஊர்களில் ஆண்களுக்குக் குழந்தைப்பேறு குறைந்ததைக் கவனித்துத்தான் இதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக்கவும் முயன்று பார்த்துவிட்டார்கள். மனிதர் உண்ணும் பருத்திவிதைப் பொருளில் புரதத்தோடு பிணையாத காசிப்பால் ஒரு கிலோவுக்கு 450 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க அளவு, ஐ.நா. அமைப்புகள் சொல்வது 600.

நம் பாட்டிமார் செய்முறையில் இதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. இரவு முழுவதும் ஊறவைத்து, ஆட்டி, துணியில் பிழிந்து, சக்கையை மாட்டுக்குப் போட்டுவிட்டு, பாலை அரிசிமாவுடன் நெடுநேரம் கொதிக்க வைக்கிறார்கள். ஈரமான சூட்டில் காசிப்பால் புரதத்தோடு பிணைந்துகொள்ளும். பிணைந்ததன் வீரியம் குறைவு. ஆனால் நீங்கள் விற்பது பொடி. எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. பாலைப் பிழிந்து, காய்ச்சி, உலர்த்திப் பொடியாக்கினால் ஒரு கதை. கொட்டையை வெறுமனே வறுத்து அப்படியே அரைத்தால் வேறு கதை. அப்படியென்றால் சக்கையும் காசிப்பாலும் முழுசாகப் பொடிக்குள் இருக்கும், வறட்டுச் சூட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பிணைப்பில்லாத காசிப்பால் அளவைச் சோதிக்கக் கொடுங்கள். நூறு பொட்டலம் அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் செலவு இது. மரபணுச் சோதனை இதற்குப் பிறகுதான்.

ஒரு குறும்பான செய்தி: டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ரத்தோர் என்ற விஞ்ஞானி, கொட்டையில் மட்டும் காசிப்பால் மிகமிகக் குறைந்த பருத்தியை உருவாக்கினார். 2018-ல் அமெரிக்க வேளாண் துறையும் 2019-ல் அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகமும் வழிவிட்டன. பருத்திப்பாலுக்கு அதைவிடப் பொருத்தமான கொட்டை கிடைக்காது. ஆனால் அது மரபணு மாற்றிய பருத்தி. உங்கள் கடைக்காரர் கேட்கும் வரியை அதன்மேல் அச்சடிக்க முடியாது.

தீவனக் கடைக் கொட்டையை இன்றோடு விட்டுவிடுங்கள். பி.டி.க்காகச் சொல்லவில்லை. களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி என்று ஒன்று, எந்த அனுமதியும் இல்லாமல் சில மாநிலங்களில் பரவியிருக்கிறது. 2019-ல் மகாராஷ்டிராவின் அகோலாவில் உழவர்கள் பகிரங்கமாகவே விதைத்துக் காட்டினார்கள். பி.டி.யையாவது அரசு சோதித்து அனுமதித்தது. இதற்கு அனுமதி கிடையாது. அந்த வயலின் கொட்டை எந்த மூட்டையில் இருக்கிறது என்று தீவனக் கடைக்காரருக்கே தெரியாது. விதைப்புக்கு விற்கும் கொட்டையைத் தப்பித்தவறியும் தொடாதீர்கள். அதன்மேல் பூச்சிமருந்து பூசியிருக்கும். சாயம் ஏறிய கொட்டை ஒன்று கண்ணில் பட்டாலும் முழு மூட்டையையும் திருப்பிக் கொடுங்கள்.

அந்த வரியை நேர்மையாகப் போட ஒரு வழி உண்டு. உங்கள் ஊருக்குத் தெற்கே கரிசலில்தான் இருக்கிறது. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் மானாவாரியாக விளைந்துவந்த கருங்கண்ணி நாட்டுப் பருத்தி இன்னும் முழுதாக அழியவில்லை. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கே 11 ரகமும் அந்தக் குடும்பம்தான். நாட்டுப் பருத்திக்குக் குரோமோசோம் 26, பி.டி. ஏறியிருக்கும் அமெரிக்க வகைப் பருத்திக்கு 52. பக்கத்து வயலில் பி.டி. நின்றாலும் மகரந்தம் வந்து இயல்பாகக் கருக்கட்டுவது மிக அரிது. கலப்பு நடக்கும் இடம் வயல் அல்ல, பருத்தி அரைக்கும் ஜின்னிங் மில். முந்தைய லோடின் கொட்டை இயந்திரத்தில் ஒட்டிக்கிடக்கும். கருங்கண்ணியை மட்டும் அரைப்பவரையோ, இயந்திரத்தைத் துடைத்துவிட்டு உங்கள் லோடை ஓட்டிக் கொடுப்பவரையோ பிடியுங்கள். கொட்டை சிறியது, பால் கொஞ்சம் குறையும், விலையைக் கூட்ட வேண்டியிருக்கும். கடைக்காரருக்கு உண்மையாகவே அந்த வரி வேண்டுமென்றால் கொடுப்பார்.

சோதனையைப் பொடியில் செய்யாதீர்கள், பச்சைக் கொட்டையில் செய்யுங்கள். பட்டைச் சோதனை என்று ஒன்று இருக்கிறது, கர்ப்பச் சோதனைப் பட்டை மாதிரி. நசுக்கிய கொட்டையின் சாற்றில் பி.டி. புரதம் இருந்தால் கோடு விழும். சூடுபட்ட பொடியில் புரதம் குலைந்திருப்பதால் கோடு விழாமல் போகலாம். அதை வைத்து 'இல்லை' என்று சொன்னால் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. ஐந்தாறு கொட்டையை மட்டும் பார்ப்பதும் போதாது. நம் பி.டி. பருத்தி வீரிய ஒட்டு வகை. பெற்றோரில் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே மரபணு வந்திருந்தால், அந்தச் செடியில் விளையும் கொட்டைகளில் நாலில் ஒன்றுக்கு அந்த மரபணு இருக்காது. பி.டி. வயலின் மூட்டையிலேயே கோடு விழாத கொட்டை கிடைக்கும் என்று அர்த்தம். மூட்டையின் பல இடங்களிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கலந்து ஆய்வகத்துக்கு அனுப்பி, மரபணுவையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். சோதனை கேளுங்கள். அந்த அறிக்கையை லோடு எண்ணோடு பத்திரப்படுத்துங்கள்.

ஜெர்மனியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்ற மரபணு மாற்றமாக இருந்தாலும் தற்செயல் கலப்பு 0.9 சதவீதத்தைத் தாண்டினால் எழுத வேண்டும். அனுமதி பெறாத மாற்றம் தென்பட்டால் சரக்கே திரும்பும். 2021-ல் இந்தியாவிலிருந்து போன குருணை அரிசியில் மரபணு மாற்றத் தடயம் இருப்பதாகப் பிரான்ஸ் எச்சரிக்கை விடுத்து, அந்த மாவு சேர்ந்த மிட்டாய் வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் அப்படி நெல்லே பயிரிடப்படவில்லை என்று நம் அரசு மறுத்தது. அந்த இழுபறியில் வீட்டுத் தொழில் செய்பவர் மாட்டிக்கொண்டால் மீள முடியாது.

நெல்லைப் பற்றிக் கேட்டீர்கள். 2025 மே மாதம் அறிவித்த 'கமலா'வும் 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1'-உம் மரபணுத் திருத்தம் செய்தவை. வேறு உயிரியின் மரபணு எதையும் உள்ளே சேர்க்காமல், நெல்லின் சொந்த மரபணுவில் ஓரிடத்தில் கத்தரி போட்டவை. இந்த வகைக்கு 2022 மார்ச்சிலேயே அரசு மரபணு மாற்றுப் பயிர் விதிகளிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. உங்கள் பச்சரிசிக்காக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

கடைக்காரருக்கு நான் சொன்னதாகவே சொல்லுங்கள். முதல் நூறு பொட்டலத்தில் அந்த வரி இருக்காது. கருங்கண்ணி கிடைத்து, அறிக்கையும் கையில் வந்த பிறகு, 'கரிசல் மானாவாரிக் கருங்கண்ணிப் பருத்திக்கொட்டையில் செய்தது' என்று ஊர்ப்பெயரோடு போடுங்கள். அதுதான் உங்களால் நிரூபிக்கக்கூடிய வாக்கியம். மாசி, பங்குனியில் அங்கே பருத்தி எடுப்பார்கள். தையிலேயே போய் ஜின்னிங் மில்காரரிடம் பேசி வைத்துவிடுங்கள், கூட்டம் வந்துவிட்டால் இயந்திரத்தைத் துடைத்துக் கொடுக்க அவருக்கு நேரமிருக்காது.